பிணவண்டியா, பிள்ளைவண்டியா

அந்தக் கெப் வண்டியை ஏன் வாங்கினீர்கள் என்று மனைவி கேட்டபோது நான் சொன்ன பதில்களை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. முதலில், மழைக்காலத்தில் அக்கா வீட்டுக்குப் போக உதவும் என்றேன். அக்கா வீட்டுக்கு வருசத்தில் இரண்டு மூன்று தடவை போனாலே அதிகம். பிறகு, பழைய வண்டிகளுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது என்றேன். அதுவும் எடுபடாமல் போகவே, ஊரில் எல்லாரும் ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வைத்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் கூடாதா என்று குரலை உயர்த்தினேன். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. பதில் தெரியாத பிள்ளைதான் சத்தம் போடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"தெரியாதுன்னே சொல்லிட்டுப் போங்க, நான் ஒண்ணும் மார்க் கொறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

உண்மையில் எனக்குத் தெரியாதுதான். அக்கா இருப்பது புசல்லாவைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், நான் வளர்ந்த அதே லயத்து வரிசை வீட்டில். ஒரு நாள் அவளைப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்கு இறங்கி, கண்டி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு மரக்கறி வியாபாரியின் வீடு. பக்கத்தில் தகரக் கொட்டகை. லீக்ஸ் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தட்டையான மூக்கும், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் இருந்த இரண்டு விளக்குகளும் தெரிந்தன. பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. நான் ரோட்டைத் தாண்டிக் கொட்டகைக்குள் நின்றிருந்தேன்.

அது எங்கள் தோட்டத்துத் துரையின் வண்டி. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச வருசத்தில் இங்கிலாந்திலிருந்து இறக்கினது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. மஞ்சள் குமிழ் வைத்த கம்பியை அழுத்தினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், எந்தச் சேற்றிலும் ஏறிவிடும். வெள்ளைத் துரை போய், தோட்டம் அரசாங்கத்துக்குக் கை மாறி, வண்டியும் எத்தனையோ கை மாறி, கடைசியில் லீக்ஸ் மூட்டைக்குப் பின்னால் வந்து ஒதுங்கியிருக்கிறது. அதே வண்டிதானா என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். முன்பலகையின் விளிம்பில் நகக் கீறல்கள் இருந்தன. துரையின் நாய் முன்னங்கால்களை அதில் வைத்துக்கொண்டுதான் வரும். அந்த நாயைத் தோட்டத்தில் அறியாதவர் கிடையாது. துரைக்கும் நாய்க்கும் டிரைவருக்கும் தவிர முன் சீட்டில் வேறு யாருக்கும் இடமில்லை என்பதும் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இந்த வண்டியில்தான் நான் பிறந்தேன். பின் தட்டில், மருத்துவிச்சியின் கையில். இரண்டு நாள் வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை என்றதும், இனி என்னால் ஏலாது என்று மருத்துவிச்சி கை விரித்திருக்கிறார். அப்பா பங்களா வாசலில் போய் நின்று வண்டி கேட்டிருக்கிறார். கம்பளைக்குப் போகும் வழியில் எந்த வளைவிலோ நான் வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள். அதே வண்டியில் அம்மாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். லயத்தில் யாருக்காவது என்மேல் கோபம் வந்தால், தாயை முழுங்கினவன் என்று சொல்வார்கள். கோபம் இல்லாதபோது அப்படி நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவுக்குப் பதிலாக அக்கா என்னை வளர்த்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். நான் கண்டி மாநகர சபையில் கிளார்க்காக வந்து உட்கார்ந்ததற்கு வேறு யாரும் காரணமில்லை. இதையெல்லாம் நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் திட்டுவாள்.

வண்டியை இழுத்து வர ஒரு லொறி பிடித்தேன். பேராதனையைத் தாண்டி, கண்டி நகரத்துக்குள் நுழைந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலம் ஏறி அலவத்துகொடைக்குப் போய்ச் சேரும் வரைக்கும், ரோட்டில் இருந்தவர்கள் எல்லாம் வண்டியைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்கள். அலவத்துகொடையில் ஒரு முஸ்லிம் நண்பர் கராஜ் வைத்திருந்தார். பழைய ஜீப்புகளுக்குப் பெயர் போனவர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னை மரியாதையாகச் சேர் என்பார். வேலையைக் கெடுக்கவும் செய்வார், கெட்டதைச் சரியாக்கவும் செய்வார். இரண்டுக்கும் ஒரே முகம்தான். நானா வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"ஒரிஜினலா ஆக்கோணும் எண்டு செல்றீங்க. இதுல ஒரிஜினல் எண்டு எனத்த ஈக்குது சேர்? எஞ்சின் ஜப்பான். கியர்பெட்டி வேற ஜீப்புட. சேசி பின்பக்கம் முழுக்க கறல், கைய வெச்சா உதிருது. ஒடம்பு மட்டும் அலுமினியம், அதுதான் தப்பியிருக்கு."

"அப்ப எது வரைக்கும் பழைய வண்டி, எதுலருந்து புது வண்டி?"

"அத நீங்கதான் செல்லோணும். நான் போல்ட்டு முறுக்குற ஆள்."

சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் அவரைக் கேட்கிறேன். மூன்று கிழமையில் முடித்துத் தருவதாக நானா சொன்னார். எந்த மூன்று கிழமை என்று நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு நாவலப்பிட்டி, கலியாணமும் அங்கேதான். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு கராஜுக்கு வந்தாள். எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்திருந்த அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்கு மணப்பெண்ணாக நான் இதில்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது பிள்ளைகள் பழைய வண்டியில் மாலையும் பூவும் கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்களாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். வண்டி வாங்கியதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வாங்கிய பிறகு காரணம் தேடியதை அவள் சுட்டிக்காட்டவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

அக்காவுக்குப் பத்திரிகை வைக்க நானும் மனைவியும் தோட்டத்துக்குப் போனோம். எங்கள் வழக்கத்தில் பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துப் போவது அத்தை. என் மகளுக்கு இருப்பது ஒரே அத்தை. அக்கா வெற்றிலைத் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தேத்தண்ணி ஊற்றினாள். பெண்ணுக்கு என்ன நிறத்தில் கூறை என்று விசாரித்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், புள்ளை துரையின் பழைய வண்டியில் வரப்போகிறாள், அதை நான்தான் வாங்கித் திருத்துகிறேன் என்றேன்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த வண்டியா?"

"ஆமாக்கா. அதேதான்."

"அந்த வண்டி வந்தா நான் வரல."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். அடுப்பை ஊதினாள். மறுபடி கேட்டேன். ஊதிய அடுப்பையே திரும்ப ஊதினாள். மனைவி என் காலை மிதித்தாள். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா இல்லாமல் என் வீட்டுக் கலியாணமா? நினைக்கவே முடியவில்லை. அப்படியென்றால் வண்டியை விட்டுவிட வேண்டியதுதானே என்று மனைவி கேட்டாள். அதையும் நினைக்க முடியவில்லை. நான் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அக்காவின் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் பிணம் கிடந்த வண்டி. அதில் மணப்பெண் ஏறுவதா? இதைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்? இருந்தாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள அடுத்த கிழமை தனியாகப் போய், தோட்டத்துக்குக் கீழே இருக்கிற தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். போயிருக்கக் கூடாது.

"அதா? அது பொணவண்டில்ல" என்றார் ஒரு பெரியவர். அவருடைய அப்பாவை அதில்தான் கொண்டுவந்தார்களாம். மாமனையும் அதில்தான்.

பக்கத்தில் பால்மா வாங்க நின்ற ஓர் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏன் அப்பிடி சொல்றீங்க? எம் மூத்தவன் அதுலதான் பொறந்தான். எங் கொழுந்தியா மகளும் அதுலதான். புள்ளவண்டின்னுதான் நாங்க சொல்றது."

"பொணவண்டி."

"ஒங்களுக்குப் பொணவண்டி. எங்களுக்குப் புள்ளவண்டி."

துரை அந்த வண்டியைத் தோட்டத்து ஆட்களுக்கு இரண்டு காரியத்துக்குத்தான் கொடுப்பாராம். மருத்துவிச்சியால் முடியாமல் போன பிரசவத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் கொண்டுவர ஒன்று. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று போனவர்கள் எல்லாம் கொழுந்து லொறியில்தான் போனார்கள். ஆகையால் தோட்டத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அந்த வண்டி மங்கலம், பாதிக்கு அமங்கலம். இரண்டு பக்கமும் எழுந்து நின்று வாதாடினார்கள். கடைக்காரர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு சமாதானம் சொன்னார். போகும்போது பிள்ளைவண்டி, வரும்போது பிணவண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படிப் பார்த்தால் என் மகள் கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்குப் போவது போகிற பயணமா, வருகிற பயணமா? கேட்டால் இன்னொரு சண்டை வரும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு இரண்டும் என்பதை அந்தக் கடையில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. தெரியாமல் இல்லை. என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம் என்று விட்டிருப்பார்கள்.

நானாவிடம் போய்ப் புலம்பினேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்துத்தான் நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சேர், எங்கட பள்ளில ஒரு சந்தூக்கு ஈக்குது" என்று கால்கள் சொல்லின. சந்தூக்கு என்பது பள்ளிவாசலில் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி. "ஊருல எல்லா மையித்தும் அதுலதான் போற. எங்கட வாப்பாவும் அதுலதான் போன. நானும் அதுலதான் போவன். அத மாத்தோணும் எண்டு ஆரும் கேக்கிறல்ல. கழுவி வெக்கிற, அவ்வளவுதான்."

கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் என் புத்தி சும்மா இருக்குமா?

"அதுல ஏறிக் கலியாணத்துக்குப் போவீங்களா நானா?"

கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "அதுல படுத்துத்தான் போகோணும் சேர்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. தீட்டு எங்கே ஒட்டியிருக்கும்? பிணம் கிடந்த இடத்தில்தானே. பிணம் கிடந்தது பின் தட்டில். தட்டையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்துவிட்டால்? எப்படியும் சேசியின் பின்பாதி கறல் பிடித்திருக்கிறது, அதையும் வெட்டிப் புதிதாக ஒட்ட வேண்டும். பிறகு அந்த வண்டியில் பிணம் கிடந்த இடம் என்று ஒன்றும் இருக்காது. அக்கா என்ன சொல்லித் தட்ட முடியும்? கோயில் ஐயரிடமும் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம், செய்து முடித்து ஒரு பூசை போட்டுவிடுவோம் என்றார். எதைக் கேட்டாலும் பூசை போட்டுவிடுவோம் என்றுதான் அவர் சொல்வார். ஆனாலும் எனக்குப் பலம் வந்த மாதிரி இருந்தது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு டிங்கரிங் பாஸை நானா கூட்டிவந்தார். தகடு அடிப்பதில் கெட்டிக்காரர், பேசுவதில் சிக்கனம். பழைய தட்டு கழன்று வந்தது. அதன் மேல் தோட்டத்துத் தச்சர் பதித்த பலகைகளும் வந்தன. கருத்து, வழவழத்து, ஓரங்கள் தேய்ந்த பலகைகள். விறகுக்குப் போடவா என்று நானா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று தெரியவில்லை. ஒரு த்ரீவீலில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்சுவரில் சாத்தி வைத்தேன்.

மனைவி சாமி படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் வெளியே வந்து பார்த்தாள்.

"வண்டிக்கு ஆகாதுன்னு கழட்டுன பலகைய வீட்டுக்குக் கொண்டாந்திருக்கீங்க. கலியாண வீட்டுக்கு."

அவள் சொன்னது சரிதான். அந்தப் பலகைமேல்தான் நானும் பிறந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிணம் கிடந்த இடத்தைக் கழற்றப் போய், பிறந்த இடத்தையும் சேர்த்துக் கழற்றியிருக்கிறேன். வைத்திருக்கவும் முடியாது, எரிக்கவும் மனம் இல்லை. மறுநாள் அதே த்ரீவீலைக் கூப்பிட்டு மகாவலிக் கரைக்குக் கொண்டுபோனேன். ஆற்றில் விட்டால் மரியாதையாகப் போய்விடும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக இறக்கி விட்டேன். ஒன்று போனது, மற்றதெல்லாம் பத்தடி தள்ளி ஒரு கல்லில் சிக்கி அங்கேயே நின்றது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஒருத்தி என்னையும் பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஏறி வந்துவிட்டேன். வீட்டில் கேட்டபோது எல்லாம் போய்விட்டது என்றேன்.

மூன்று கிழமை என்பது மழைக்காலம் முழுவதையும் தாண்டி ஒரு வழியாக முடிந்தது. புதுத் தட்டு, புதுப் பலகை, பின்னால் புது சேசி, எல்லாவற்றுக்கும் மேல் பழையபடியே பச்சைப் பெயின்ட். முன்பக்கத்தை மட்டும் நான் தொடவிடவில்லை. சீட்டைக் கழற்றிப் புதிது போட வேண்டும் என்று நானா பிடிவாதமாக நின்றார். நான் அதற்குமேல் பிடிவாதமாக நின்றேன். கிழிந்த இடத்தைத் தைத்தால் போதும் என்றேன். வண்டியில் மிச்சமிருக்கிற ஒரே பழசு அது, தீட்டுப் படாத இடமும் அதுதான். நான் செய்த வேலையிலேயே புத்திசாலித்தனமானது அது என்று எனக்குள் ஒரு பெருமை.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா கண்டிக்கு வந்தாள். கண் கிளினிக்குக்காக வந்தேன், கலியாணத்துக்காக இல்லை என்று வாசலிலேயே சொன்னாள். கிளினிக்கை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சாப்பிட்டாள். மகள் அத்தையின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். கலியாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா கை கழுவப் பின்பக்கம் போனபோது நானும் பின்னால் போனேன். கராஜிலிருந்து வந்த வண்டி அங்கேதான் நின்றது.

"வந்து பாரு அக்கா. பின்னுக்கு எல்லாம் புதுசு. ஒரு ஆணிகூட பழசு இல்ல. அம்மாவ வச்ச எடம்னு இதுல இப்ப ஒண்ணுமே இல்ல."

அக்கா பின் தட்டைப் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கமாகப் போனாள். இடது பக்கக் கதவைத் திறந்தாள். கையைச் சீட்டின்மேல் வைத்தாள். தையல் போட்ட இடத்தை விரலால் தடவினாள்.

"எல்லாத்தையும் மாத்துன. இத ஏன் மாத்தல?"

"அது ஒண்ணுதான்க்கா சுத்தமான எடம். தொரையும் நாயும்தான் அதுல போனது. நம்ம ஆளுக ஒருத்தர்கூட அதுல ஒக்காந்ததில்ல."

"நான் ஒக்காந்தேன்" என்றாள் அக்கா.

எனக்குப் புரியவில்லை. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனது அப்பாவும் மருத்துவிச்சியும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அக்கா போனாள் என்று யாரும் சொல்லவில்லை. என்னை யார் தூக்கிவந்தார்கள் என்று இத்தனை வருசத்தில் நானும் கேட்டதில்லை.

"துணி மூட்டையத் தூக்க என்னையும் ஏத்திக்கிட்டுப் போனாங்க. போறப்ப பின்னுக்குத்தான் இருந்தேன்" என்றாள் அக்கா. அவள் என்னைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "வாறப்ப அம்மாவப் பின்னுக்குப் போட்டாங்க. அப்பாவும் மருத்துவிச்சியும் கூட ஏறிக்கிட்டாங்க. நல்ல மழ. பச்சப்புள்ளய மழையில கொண்டுபோக ஏலாதுன்னு டிரைவரு சொன்னாரு. என்னையத் தூக்கி இதுல ஒக்கார வச்சி, ஒன்னையக் கம்பிளியில சுத்தி மடியில வச்சாரு. தொர கேட்டா நான் பாத்துக்கிறேன்னாரு."

"எனக்கு யாரும் சொல்லலியே அக்கா."

"சொல்ல என்னா இருக்கு? வண்டி மேல ஏற ஏற மழ விட்டிருச்சி. இந்தக் கண்ணாடி வழியா மல எல்லாம் தெரியுது. எம்புட்டு ஒசரத்துல போறோம். ரோட்டுல வாற ஆளுக எல்லாம் தொர வாறாருன்னு நெனச்சி ஒதுங்குறாங்க, தலப்பாவ அவுக்குறாங்க, சலாம் போடுறாங்க. எனக்கு. எனக்குப் போடுறாங்க தம்பி."

சீட்டின் தையலை மறுபடி ஒருதரம் விரலால் தடவினாள்.

"எனக்கு சந்தோசமா இருந்திச்சி. சிரிச்சேன். பின்னுக்கு அம்மா கெடக்குது. தெரியாமயா இருந்தேன்? தெரியும். பத்து வயசுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சிரிச்சேன். டிரைவரு திரும்பிப் பாத்தாரு. வீட்டுக்கு வந்து எறங்குனப்ப எல்லாரும் மாரடிச்சி அழுறாங்க. எனக்கு அழுகையே வரல. அதுலருந்து இந்த வண்டியப் பாத்தா மொகத்தத் திருப்பிக்குவேன். பொணவண்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் பாக்க ஏலாது."

நான் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சேசியை வெட்டி, தகடு அடித்து, பலகையை ஆற்றில் விட்டு, மாதக்கணக்காக நான் செய்த வேலை எல்லாம் அங்கே பளபளவென்று நின்றது. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சீட்டை நாளைக்கே கழற்றிவிடுகிறேன், வண்டியையே விற்றுவிடுகிறேன், வேன் பிடிக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. எது என்று தெரிய நேரம் எடுத்தது.

"அக்கா, அப்ப நான் என்னா செஞ்சேன்?"

"எப்ப?"

"நீ சிரிச்சப்ப."

அக்கா முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ என்னா செய்வ? எம் மடியிலதான் கெடந்த. முழிச்சிக்கிட்டு இருந்த. மேல பாத்துக்கிட்டு."

"அப்ப நான் மொதமொதல்ல பாத்தது நீ சிரிச்சதத்தான்."

என்னால் நிறுத்த முடியவில்லை. அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. "நான் பொறந்தன்னைக்கு ஒலகத்துல எல்லாரும் அழுதாங்கன்னுதான் அக்கா நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். எங்கிட்ட அப்பிடித்தான் சொன்னாங்க. ஒருத்தராவது சிரிச்சிருப்பாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. நீயும் சொல்லல."

அக்கா முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தாள், மூக்கு வலித்தது. உள்ளே மகள் அத்தை எங்கே என்று கேட்பது கேட்டது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வைத்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் கை கொடுத்தேன். மெதுவாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள். கண்ணாடிக்கு வெளியே இருந்தது எங்கள் வீட்டுக் குசினியின் புகை படிந்த சுவர்தான். அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புள்ள நடுவுல ஒக்காரட்டும்" என்றாள். "எனக்கு இந்தக் கண்ணாடி ஓரம் வேணும்."